ஒரு நிமிசம் குந்திக்கிறேன்

மயக்க டாக்டரின் முகத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அறுவை செய்தவரின் பெயர், ஊர், அவர் எந்தக் காரில் வருவார் என்பது வரை தெரிந்து வைத்திருப்பார்கள். அந்த நேரம் முழுக்க அவர்களுடைய மூச்சையும் நாடியையும் கவனித்தபடி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டால், "அந்த ஊசி போட்ட அம்மாவா?" என்பார்கள். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷத்தில் அந்தக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அது எனக்கு வசதியாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கையில் இறந்துபோன ஒருவனின் வீட்டார் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் அவனுடைய தங்கை என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கும் அவளைத் தெரியவில்லை.

அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அறுவைக்கு வருகிறவர்களை முன்கூட்டியே பரிசோதிக்க எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. ஏசி ஒன்று குளிரும், இல்லையென்றால் ஒழுகும். காலை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். முப்பத்தாறு வயது, சாந்தோம் பக்கம் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பித்தப்பையில் கல். அதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கோப்பின் முதல் தாளிலேயே இதய டாக்டர் ஒரு கடிதம் வைத்திருந்தார். பரம்பரையாக வரும் இதயத் தசை நோய், குடும்பத்தில் பல திடீர் மரணங்கள், மயக்கம் கொடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை என்று எழுதியிருந்தார்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதயம் பலவீனமாவது என்றால் எல்லாருக்கும் புரியும். இது அப்படியில்லை. இதில் இதயம் தேவைக்கு மேல் பலசாலி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தசைச்சுவர் தடித்துப்போய், ரத்தம் வெளியே போகும் வழியை ஒட்டி நிற்கும். இதயத்துக்குள் ரத்தம் நிறைந்திருந்தால் வழி திறந்திருக்கும். ரத்தம் குறைந்தாலோ, இதயம் வேகமாகவும் பலமாகவும் அடித்தாலோ அந்தச் சுவரே வழியை அடைத்துவிடும். எவ்வளவு முயற்சி செய்கிறதோ அவ்வளவு அடைப்பு. பிபி இறங்கினால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. இதயத்தை விரட்டி வேலை வாங்கும் மருந்து. ஆயிரம் பேரை அது காப்பாற்றும், இவர்களைக் கொன்றுவிடும்.

படுக்கவைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். துடிப்புக்கு நடுவில் ஒரு லேசான உரசல் சத்தம். எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும், சத்தம் கூடும். அது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கூடியது. நன்றாகவே கூடியது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் மெல்ல என் கையை விட்டுக் கீழே போனாள். விழுகிறாள் என்று நினைத்து நானும் கூடவே குனிந்தேன். அவள் விழவில்லை. தரையில் குந்தி, இரண்டு முழங்காலையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஸ்டெதஸ்கோப் இன்னும் அவள் நெஞ்சில்தான் இருந்தது. அந்தச் சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

நானும் தரையில் மண்டி போட்டபடி அப்படியே இருந்தேன்.

"யாரும்மா உங்களை உக்காரச் சொன்னது?" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் அதட்டலாக வந்தது.

"சாரி டாக்டர். பழக்கம். நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு வந்தா தானா உக்காந்துருவேன். எங்க அப்பா வீட்டு ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்."

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். சித்தப்பா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே குந்திவிடுவாராம். பஸ் வந்து போய்விடும், அவர் குந்தியபடியே இருப்பாராம். அத்தை மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். பூசை நடுவில் பாடிக்கொண்டே கீழே போவார், பெஞ்சுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்கும், அடுத்த பல்லவிக்கு எழுந்து நின்றுவிடுவாராம். இரண்டு பேரும் நாற்பது தாண்டவில்லை. சித்தப்பா ரயிலைப் பிடிக்க ஓடியவர் மாம்பலம் ஸ்டேஷன் படியிலேயே போய்விட்டார். அத்தை துணி காயப்போட மாடி ஏறியவர் கீழே வரவில்லை.

"அம்மா வேற குடும்பம். அவங்களுக்கு இதைக் கண்டாலே ஆவாது. 'குந்துறவங்களைத்தான் அது தேடிவருது'ன்னு சொல்வாங்க. நானும் அண்ணனும் சின்ன வயசுல குந்தினா பிரம்பாலயே போடுவாங்க. அவங்களும் டீச்சர்தான். அதனால அம்மா கண்ணுல படாம, கட்டிலுக்கு அந்தாண்ட போய்க் குந்துவோம்."

சொல்லிவிட்டுக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ கல்யாணம். கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். இந்த மாதிரி படங்களில் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளைக் குந்தவைப்பார்கள் அல்லவா? இதில் அந்த வரிசையில் பெரியவர்கள் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஓர் ஆள், பட்டுப்புடவையில் ஒரு பெண், ஓர் ஒல்லிப் பையன். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, இவர்கள் மூவர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. உள்ளே எதையோ கவனித்துக் கேட்கிறவர்களின் முகம்.

"இது சித்தப்பா, இது அத்தை. இது எங்கண்ணன். அண்ணன் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆழ்வார்பேட்டையில ஒரு நர்சிங் ஹோம்ல, சாதாரண ஹெர்னியா ஆப்பரேஷன்."

அந்த ஒல்லிப் பையனுக்கு இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருந்தது. அந்தக் கூட்டுப் புருவத்தைத்தான் நான் பன்னிரண்டு வருஷமாக மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? நீங்க இந்தத் துறைங்கிறதால கேக்குறேன்" என்றாள். "அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். அண்ணன் கடைசியா எதாவது சொன்னானான்னு. அன்னிக்கு சர்ஜன்கிட்ட கேட்டதுக்கு, அவன் ஒண்ணும் சொல்லல, தூக்கத்துலயே போய்ட்டான்னாங்க. முதுகுல ஊசி போட்டா முழிச்சுக்கிட்டுதான் இருப்பாங்கன்னு அப்புறம் யாரோ அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து அம்மாவுக்கு நிம்மதி இல்ல. கூட இருந்தவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது."

"அதெல்லாம் இப்ப எதுக்கு, உங்க ஆப்பரேஷனைப் பார்ப்போம்" என்றேன். வேறென்ன சொல்ல? கேஸ், கோர்ட்டு, லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாக என் மண்டையில் ஓடியது. அவள் அண்ணனின் முகம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. நான் அப்படிப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நர்சிங் ஹோம் இப்போது இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்போது நான் அங்கே கூப்பிடும் நாள்களில் மட்டும் போய் மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இருபத்தாறு வயது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடியில் நிற்கிறவன். டீச்சர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவே முடியாத அசல் மெட்ராஸ் பாஷை. ஈசிஜியில் அலைகள் உயரம் உயரமாக இருந்தன. ஒல்லிப் பையன், நெஞ்சு மெல்லிசு, அப்படித்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டெதஸ்கோப்பில் ஒரு லேசான சத்தம் கேட்டது. கேட்டது என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்குத் தாளில் 'இதயம் இயல்பு' என்று எழுதினேன். வெளியே சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்று அவருக்கு நான்கு கேஸ்.

முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்தேன். இடுப்புக்குக் கீழே மரத்தால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் காலிலேயே தங்கிவிடும். பிபி கொஞ்சம் இறங்குவது வழக்கம். அவனுக்கு ஒரேயடியாக இறங்கியது.

"ராட்டினம் சுத்துற மாரி கீது மேடம்" என்றான். பிறகு இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்து மேலே இழுக்கப் பார்த்தான். மரத்துப்போன கால் எப்படி வரும்? நழுவி நழுவி விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நிமிசம் குந்திக்கிறேன் மேடம்" என்றான்.

நர்ஸ் சிரித்தேவிட்டாள். "காலே இல்லாம எப்பிடிப்பா குந்துவே?" என்றாள். நான் பதில் சொல்லியபடியே பிபியை ஏற்றும் ஊசியைப் போட்டேன். இன்னும் இறங்கியது. மறுபடி போட்டேன். அப்புறம் நாற்பது நிமிஷம் அவன் நெஞ்சை மாற்றி மாற்றி அழுத்தினோம். நான் கொடுத்த ஒவ்வொரு மருந்தும் அந்த வழியை இன்னும் இறுக்கி அடைத்துக்கொண்டிருந்தது. சில மாதம் கழித்து வேறொரு நோயாளிக்காகப் பாடப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது எனக்குப் புரிந்தது. காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், சலைனை ஓடவிட வேண்டும், இதயத்தை விரட்டக்கூடாது. குந்தினால் உடம்புக்கு எது நடக்குமோ, அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தப் பக்கத்தின் சாரம். அவன் எனக்கு மருத்துவம் சொல்லியிருக்கிறான். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வீட்டாரிடம் சர்ஜன்தான் பேசினார். உள்ளே என்ன சொன்னான் என்று அவர் கேட்டபோது, "ஒண்ணும் சொல்லல சார், அப்படியே போய்ட்டான்" என்றேன். உடலை அறுக்கவேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். நான் உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அம்மாவின் குரல் கேட்டது, அழுகைகூட இல்லை. "எதாச்சும் சொன்னானா, எதாச்சும் சொன்னானா" என்று ஒரே கேள்வி. அது நிற்கும்வரை நான் வெளியே வரவில்லை.

அதன்பிறகு யார் குந்தினாலும் என்னால் அவர்களைத் தாண்டிப் போக முடிவதில்லை. சென்னையில் குந்துகிறவர்களுக்கா பஞ்சம்? மயிலாப்பூர் குளத்தோரம் பூக்கட்டுகிறவர்கள், சிக்னலில் ஆட்டோவை விட்டு இறங்கி ஓரமாகக் குந்தி டீ குடிக்கிறவர்கள். ஒவ்வொருவரும் எழுந்திருக்கும்வரை எனக்கு மூச்சு வராது. ஒரு தடவை பாண்டி பஜாரில், நல்ல பகல், ஜேஜே என்று கூட்டம். நடைபாதை நடுவில் ஓர் இளைஞன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். எல்லாரும் விலகி விலகிப் போனார்கள். பத்து நிமிஷம் நானும் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் அவன் எழுந்து, "இன்னா மேடம், இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க?" என்றான். அவனுக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த நோயைப் பற்றி எது அச்சில் வந்தாலும் தேடிப்பிடித்துப் படித்தேன். இளைய டாக்டர்களுக்கு வகுப்பெடுத்தேன். இந்த நோயாளிகள் என்றால் என்னிடம் அனுப்பு என்கிற அளவுக்குப் பேர் வந்துவிட்டது. ஏன் இந்த ஒரு நோயின் மேல் எனக்கு இத்தனை அக்கறை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மென்று முழுங்கியிருப்பேன்.

தங்கையின் கேஸை வேறு யாருக்காவது தள்ளிவிடத்தான் முதலில் பார்த்தேன். சக டாக்டர் ஒருத்தியைக் கேட்டேன். "நீ இருக்கும்போது நான் எதுக்கு? இதுக்கு உன்னை விட்டா ஊர்ல யாரு இருக்கா?" என்று அவள் சிரித்தாள். காரணத்தைச் சொன்னால் எடுத்துக்கொண்டிருப்பாள். காரணத்தைத்தான் சொல்ல முடியவில்லை.

ஆப்பரேஷன் அன்று காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். எங்கள் மருந்துத் தட்டில் எப்போதும் ஒரே வரிசையில்தான் ஊசிகள் இருக்கும், பார்க்காமலே கை எடுக்கும். இதயத்தை விரட்டும் அந்த மருந்தை முதலில் தட்டிலிருந்து எடுத்தேன். அடுத்த அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை டெக்னீஷியனிடம் கொடுத்தேன். "நானே கேட்டாலும் குடுக்காத" என்றேன். அவர் பதினைந்து வருஷமாக என்னோடு இருப்பவர். "இன்னா மேடம், உங்க மேலயே நம்பிக்கை இல்லியா?" என்றார். இல்லை என்றேன். பூட்டிய மருந்துக்குப் பதில், இதயத்தைத் தொந்தரவு செய்யாமல் ரத்தக் குழாய்களை மட்டும் இறுக்கும் மருந்தை அந்த இடத்தில் வைத்தேன். துளைவழி ஆப்பரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றும் காற்றைக் குறைக்க வேண்டும், மேஜையைத் தலைப்பக்கம் அதிகம் உயர்த்தக்கூடாது என்று சர்ஜனிடம் முன்தினமே பேசியிருந்தேன். முனகினார், ஒப்புக்கொண்டார்.

எட்டு மணிக்கு ஆரம்பித்திருக்க வேண்டியது. அவசர கேஸ் ஒன்று நடுவில் புகுந்ததால் பத்தரை ஆகிவிட்டது. பட்டினி கிடந்த உடம்பு காயும், இவளுக்கு அது ஆகாது என்று சலைனைத் தொடரவிட்டேன். தள்ளுவண்டியில் உள்ளே வரும்போது அவள் தைரியமாகத்தான் இருந்தாள். மணிக்கட்டு நாளத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி மானிட்டரோடு இணைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் பிபி எவ்வளவு என்று திரையில் சிவப்பு எண்ணாகத் தெரியும். நூற்றுப் பதினாறு. துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுக்க, நெஞ்சில் பட்டைகளையும் ஒட்டிவைத்தேன்.

"பயமா இருக்கா?"

"நீங்க இருக்கீங்களே டாக்டர்" என்றாள். அதைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.

முதலில் பதற்றம் குறைய மருந்து, ஒரு சின்ன அளவு. கண் சொருகியது. முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்தேன். திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. நூற்று நான்கு. தொண்ணூற்றாறு. இவ்வளவு சின்ன அளவுக்கு இப்படி இறங்கக்கூடாது. எண்பத்து நான்கு.

முகமூடிக்குள்ளிருந்து அவள் பேசினாள்.

"ஒரு நிமிசம் குந்திக்கிறேன் மேடம்."

அண்ணனின் குரல் என்று சொன்னால் பொய். குரல் அவளுடையதுதான். ஆனால் அந்த நாள் வரை அவள் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், ஒருமுறைகூட மேடம் என்றதில்லை. 'உக்காந்துருவேன்' என்பாள். வீட்டுக் கதை சொல்லும்போது மட்டும் வந்த 'குந்து' என்கிற சொல், தனக்கு வேண்டும் என்று கேட்பதாக அவள் வாயில் வந்ததில்லை. நிமிசம் என்று இழுத்த இழுப்பும் அவளுடையது இல்லை. கண் மூடியிருந்தது. அவள் இரண்டு கையும் போர்வைக்கு மேலேயே தொடையைத் தேடிக்கொண்டிருந்தன.

என் வலது கை தட்டுக்குப் போய்விட்டது. போனதை நான் கவனிக்கவே இல்லை. அந்த மருந்து வழக்கமாக இருக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"எல்லாரும் கையில இருக்கிறதை விட்டுட்டு வாங்க" என்றேன். "ரெண்டு காலையும் மடக்கி வயித்தோட சேத்துப் பிடிங்க. இன்னும். முழங்கால் நெஞ்சுக்கு வரணும்."

டெக்னீஷியன் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம். படுத்த நிலையில் அவளைக் குந்தவைத்தோம். சலைனை வேகமாகத் திறந்தேன். எண்பத்து நான்கு. எண்பத்தெட்டு. தொண்ணூற்றேழு. "என்ன பண்ணிட்டிருக்கீங்க அங்க?" என்றார் கை கழுவிவிட்டு வந்த சர்ஜன். "குந்த வெச்சிருக்கேன் சார், இருங்க" என்றேன். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு மருந்தும் கொடுக்காமல், கால் இரண்டையும் மடக்கிப் பிடித்ததற்கே ஏறியது. அவள் கை தேடுவதை நிறுத்தியது.

அந்த எண் ஏறுவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நிமிஷம்தான் ஆனது. அவன் கேட்டது சரியாக அவ்வளவுதான்.

மீதி எல்லாம் படித்தபடி நடந்தது. சொட்டுச் சொட்டாக மயக்கம், குழாய்களை இறுக்கும் மருந்து, மெதுவான துடிப்பு. ஒன்றேகால் மணி நேரத்தில் கல்லோடு பித்தப்பை வெளியே வந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கண்விழித்து, தண்ணீர் கேட்டாள்.

சாயங்காலம் வார்டில் போய்ப் பார்த்தேன். "மயங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட என்னமோ சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலியே டாக்டர். நீங்க இருக்கீங்களேன்னு சொன்னது ஞாபகம் இருக்கு."

"குந்திக்கிறேன்னு சொன்னீங்க."

அவள் முகம் மாறியது. "நான் அப்படிச் சொல்ல மாட்டேனே. அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு அப்படிக் கேக்குறதைச் சின்ன வயசுலயே விட்டுட்டேன். அது எங்கண்ணன் சொல்ற மாதிரி இல்ல இருக்கு" என்றாள்.

மருந்து மயக்கத்தில் பழைய பேச்சு வாயில் வரும். சின்ன வயதில் கட்டிலுக்குப் பின்னால் அண்ணனோடு குந்தியவளுக்கு அது வந்திருக்கும். இதை நானே மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வேன். அந்த 'மேடம்' மட்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இனிமேல் இதை மறைத்துவைக்க என்னால் ஆகாது என்று அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோதே தெரிந்துவிட்டது. அம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். எழுபதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. இருபத்தெட்டு வருஷம் கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர் என்று மகள் சொல்லியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். எழுந்திருக்காதீர்கள் என்றேன். கதவைச் சாத்தினேன். முகத்தில் முகமூடி இல்லை, தலையில் தொப்பி இல்லை.

"உங்க மகனுக்கு அன்னிக்கு முதுகுல ஊசி போட்டது நான்தான்" என்றேன்.

எப்படி எப்படியோ ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் போய், அதுதான் வந்தது. மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள், தையல் வலித்து மறுபடி சாய்ந்தாள். அம்மா அசையவில்லை. நோயைப் பற்றிச் சொன்னேன். சத்தம் கேட்டும் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். தப்பான மருந்தைக் கொடுத்ததையும், அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது என்பதையும் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொடுங்கள், நான் இல்லை என்று சொல்லமாட்டேன் என்றேன். அவர் இதில் எதையும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எதாச்சும் சொன்னானா?" என்றார். மாடிப்படிக்குக் கீழே கேட்ட அதே குரல்.

"சொன்னார். ஒரு நிமிசம் குந்திக்கிறேன் மேடம்னு கேட்டார்."

அவர் வாய் கொஞ்சம் திறந்தது. "கேட்டானா?"

"கேட்டார்."

"நெசமா? அவனே வாய விட்டுக் கேட்டானா?"

"ஆமாம்மா."

அவர் மகள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் வந்தது சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். "கேட்டிருக்கான்டீ" என்றார். "என் பேச்சை அவன் கேக்கல. அன்னிக்கு வாசல்ல வெச்சு நான்தான் சொல்லி அனுப்பினேன். அங்க போய் டாக்டருங்க முன்னாடி குந்துறேன் கிந்துறேன்னு நிக்காத, வாயத் தொறக்காதன்னு சிலுவை மேல சத்தியம் வாங்கிட்டு அனுப்பினேன். அந்தச் சத்தியத்துக்குப் பயந்து ஒரு வார்த்தையும் பேசாம என் புள்ள செத்துட்டான்னு இத்தினி வருசமா..." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பன்னிரண்டு வருஷம் அவர் சுமந்தது அது. நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

அழுது முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் அவர் என்னை முதன்முதலாக நேராகப் பார்த்தார்.

"அவன் கேட்டான். சரி. நீங்க என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவரும் காத்திருந்தார்.

"'கொஞ்சம் பேசாம இருப்பா'ன்னு சொன்னேன்" என்றேன். "அதுக்கப்புறம் அவர் பேசல."